செல்லாயி தைத்த சுடிதார்

பழைய துணியைத் தூக்கிப்போட எனக்கு எப்போதும் மனசு வராது. கிழிந்த புடவை என் மிஷினுக்கு வந்தால் பாவாடையாகும், பாவாடை தலையணை உறையாகும். இருப்பதைச் சரிசெய்து வைத்துக்கொண்டால் புதிதாக எதற்கு என்பது என் கட்சி. சிதம்பரத்தில் தெருவே இதைச் சொல்லி என்னைக் கேலி செய்யும்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். சுனாமி அன்று, என் மூன்று வயது மகள் வெண்மதிக்குக் கடல் காட்டத்தான் புவனகிரியிலிருந்து கடலூர் போனேன். அவள் கை என் கையிலிருந்து நழுவியது. உடல்கூடக் கிடைக்கவில்லை. எனக்கு அவளை விட்டால் வேறு யாருமில்லை.

முகாம் நடந்த கல்யாண மண்டபத்தில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. யாரோ தூக்கிவந்து விட்ட பிள்ளை. பேர் கேட்டேன். "கயலு" என்றாள். இடுப்பில் தூக்கிக்கொண்டேன்.

"ஒங்க பொண்ணாம்மா?" என்றார் பேர் எழுதியவர்.

"ஆமா சார். வெண்மதி."

வெளியூர்க்காரர்கள் அனுப்பிய பழந்துணி வாசலில் மலையாகக் கிடந்தது. யாரும் தொடவில்லை. ஒரு சட்டையை எடுத்துக் கையாலேயே அவளுக்கு உடுப்பு தைத்தேன். கவுனை வெட்டிக் கைக்குட்டையாக்கினேன். வெட்டும்போது ஏன் வெட்டுகிறேன் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் தன் பிள்ளையைத் தேடிக்கொண்டு செல்லாயி வந்தாள்.

"மஞ்சக் கவுனுங்க. போட்டோவெல்லாம் தண்ணில போயிடுச்சு. கவுனுதான் அடையாளம். பாத்தீங்களாக்கா?"

குழந்தை என் முந்தானைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். "மஞ்சக் கவுனு யாரும் போட்டிருக்கலியேம்மா" என்றேன். அது பொய்யில்லை.

புவனகிரி வீட்டைக் காலிசெய்து, எங்களைத் தெரியாத சிதம்பரத்துக்கு வந்தேன். கயலு என்ற பேரை அவளிடமிருந்து பிரித்தெடுக்கத்தான் நாளாயிற்று. வெண்மதி என்றால் திரும்ப வேண்டும், திரும்பாத வேளைக்குச் சோறில்லை. ஒரு அடிகூட அடித்ததில்லை. இப்போதும் நான் வெண்மதி என்று கூப்பிட்டால் இரண்டு குரல்கள் "என்னம்மா" என்கின்றன. ஒன்றில் தண்ணீர் கரகரக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

வருஷா வருஷம் டிசம்பரில் கடலுக்குப் பால் ஊற்றக் கடலூருக்குத் தனியாகப் போவேன். செல்லாயியும் அங்கே வருவாள். எனக்கு இரண்டு பெண்கள், பெரியவள் அலையில் போய்விட்டாள், சின்னவள் வீட்டில் இருக்கிறாள் என்று அவளிடம் சொல்லிவைத்திருந்தேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுவாள். நானும் நிஜமாகத்தான் அழுவேன்.

போன டிசம்பரில் ஒரு பொட்டலம் கொடுத்தாள்.

"வருசா வருசம் கயலுக்கு ஒண்ணு தெச்சிடறேன், அக்கா. இருந்தா இவ்ளோ ஒசரம் இருப்பான்னு ஒரு நெனப்பு. வீணாத்தான் கெடக்குது. ஒங்க பொண்ணு போட்டுக்கட்டும்."

சுடிதார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தோம். தோள், கை, உயரம் எல்லாம் கச்சிதம். இத்தனை வருஷமாக அவளை நிற்கவைத்து அளவெடுத்துத் தைப்பவள் நான். ஒருதடவையாவது பிரித்துப் பிடிக்காமல் எதுவும் அவளுக்குச் சரியாக அமைந்ததில்லை.

நான் செய்தது எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கமாட்டேன். ஆனால் அந்தச் சுடிதாருக்காகச் செல்லாயியை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.