மேசை மூச்சு விடுமா?

மேடையில் அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, தாயைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டாக்டரம்மாவின் மகள் அவர்களே, வேலை உடையோடு ஓடி வந்திருக்கும் தோழர்களே, வணக்கம். எனக்கு மேடைப் பேச்சு வராது. நான் ஆலைக் காற்றில் தூசி அளப்பவன்.

நம் ஆலை மருத்துவர் போய்விட்டார். 'கேள்வி டாக்டர்' என்று பட்டம் கட்டினீர்களே! "மாத்திரை கேட்டா கேள்விய குடுக்குறாங்கப்பா" என்று சிரித்தீர்களே! இருமலோடு போனால், "எந்த மெஷின்ல நிக்கிற? எத்தன வருஷமா?" என்பார். காதில் இரைச்சல் என்றால் மருந்து எழுதுமுன் கம்ப்ரெஸர் அறைக்கு நடப்பார். நோயாளியைப் பார்ப்பவர்கள் பலர் உண்டு. நோயாளி நிற்கும் இடத்தைப் போய்ப் பார்த்தவர் வேறு யார்?

ஒருநாள் கிரைண்டிங் ஷெட்டுக்கு வந்தார். என் கருவி வாசலோர மேசையில் இருந்தது. இரண்டு வருடமாக அங்கேதான். ஏன்? ப்ளக் அங்கேதான் இருந்தது!

"என்ன காட்டுது தம்பி?"

"நார்மல், மேடம்."

"மேசைக்கு நார்மல். மேசை மூச்சு விடுமா?"

ஷெட்டே சிரித்தது. எனக்கு முகம் சுண்டிவிட்டது. மறுநாள், காற்றை இழுத்துத் தூசி பிடிக்கும் சின்ன பம்ப் ஒன்றை, கிரைண்டரில் நிற்கும் அண்ணனின் சட்டைக் காலரில் மாட்டி முழு ஷிப்டும் அளந்தோம். முடிவு வந்தது: வரம்பைப் போல நான்கு மடங்கு.

அண்ணன் கேட்டார்: "அப்ப ரெண்டு வருஷமா நீ எதத்தான்டா அளந்த?"

 

அன்று மாலையே டாக்டரம்மா மேலாளருக்குக் கடிதம் எழுதினார். தூசி உறிஞ்சும் விசிறி பொருத்தும்வரை ஷெட்டை மூட வேண்டும். அங்குள்ள பதினான்கு பேருக்கும் மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அவர் கையெழுத்திட்டார். கீழே, அளந்தவர் கையெழுத்தும் வேண்டும். பழைய அறிக்கைகளிலும் 'பாதுகாப்பானது' என்று கையெழுத்துப் போட்டவன் நான்தானே! பயந்தேன். "நாளைக்குப் போடறேன் மேடம்" என்றேன். அந்த நாளை பதினோரு நாள் நீண்டது. தினமும் "போட்டியா?" என்று கேட்டார். பன்னிரண்டாம் நாள் கேட்க அவர் இல்லை. மாரடைப்பு.

ஷெட் இன்று காலையும் ஓடியது. அண்ணன் அங்கிருந்து நேராக வந்திருக்கிறார். மூன்றாவது வரிசையில் இருமுவது அவர்தான்.

டாக்டரம்மாவின் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசிய எல்லோரும் சொன்னீர்கள். எதை வைத்துத் தொடர்வது? சுவரில் மாட்டிய படத்தை வைத்தா?

அடுத்து ஒரு நிமிட மௌனம் என்றார்கள். மன்னியுங்கள். நான் ஏற்கெனவே பதினோரு நாள் மௌனமாக இருந்துவிட்டேன்.

கடிதம் இதோ, என் சட்டைப் பையில். மேலாளர் சார், உங்கள் பேனாவைக் கொஞ்சம் கொடுங்கள்.