வெள்ளிக்கிழமைப் பராமரிப்பு

மீன் பார்த்து வாங்க எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் கற்பிட்டியில் இருந்தும் அது கைவரவில்லை. நான் புறப்படும்போதெல்லாம் தங்கை நிஃப்லா வாசல்வரை வந்து சொல்லுவாள்: "நானா, செவுளத் தூக்கிப் பாருங்க. மீன்ட மூஞ்சப் பாத்து ஏமாந்துட்டு வராதீங்க."

தொண்ணூறில் புலிகள் மன்னாரிலிருந்து எங்களைத் துரத்தியபோது அவள் கைக்குழந்தை. உம்மாவும் வாப்பாவும் அகதி முகாமிலேயே ஒருவர் பின் ஒருவராக மவுத்தானபின் அவளை வளர்த்தது நான்தான். தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். நான் கல்யாணம் முடிக்கவில்லை. அனுதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் காரணம் கேட்டீர்கள்.

பள்ளிவாசல்துறையில் சொந்தப் படகில் மீன் பிடித்து விற்ற றஸீன் என்னை ஒருபோதும் ஏமாற்றியதில்லை. நல்லதாகப் பார்த்துத் தருவான், கூடவே கேலியும் செய்வான். "கெம்பஸ் படிச்ச உங்களுக்கு மீன் தெரியாது, எனக்குக் கம்பியூட்டர் தெரியாது. சரிக்குச் சரி, மச்சான்." அந்த மச்சானை நான் வெறும் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன். நிஃப்லா அவனை விரும்புகிறாள் என்று தெரிந்தபோதும் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் நல்லவன். எங்கள் வீட்டோடு வந்து இருப்பான் என்று நினைத்தேன். எங்கள் ஆட்களில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்கு வருவான்.

ஆனால் யுத்தம் முடிந்த பிறகு சனங்கள் மன்னார்ப் பக்கம் திரும்பிப் போகத் தொடங்கியிருந்தார்கள். "சிலாவத்துறையில வாப்பாட காணி துப்பரவாக்கியாச்சு, மச்சான். நிக்காஹ் முடிஞ்ச கையோட நிஃப்லாவக் கூட்டிட்டுப் போறேன்" என்றான். அங்கே தண்ணீர் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. நிஃப்லாவிடம் கேட்டேன். "ஓம் நானா, போகத்தான் விருப்பம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இனி வேலையைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் நிறுவனம் பள்ளிவாசல்துறைப் படகுகளுக்கு ஆபத்துப் பொத்தான் பொருத்தியிருந்தது. கைபேசி எட்டாத கடலிலும் அதை அழுத்தினால் செய்தி எங்கள் சேர்வருக்கு வரும். சேர்வர் கரையில் உள்ளவர்களுக்கு அறிவிக்கும். அதை நானும் லாபிரும் பார்த்துக்கொண்டோம். லாபிர் ஒரு பாதுகாப்பு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தான். களவாக உள்ளே நுழையப் பார்ப்பவர்களைப் பிடிக்க, சேர்வருக்கு வந்த எல்லாவற்றின் பதிவையும் அது நிமிடத்துக்கொரு தரம் படிக்கும். படித்து முடிக்கப் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கும். முந்தியது முடியாவிட்டால் அடுத்தது தொடங்கக் கூடாது என்று ஒரு வரி அதில் உண்டு. அந்த வரி இல்லாவிட்டால் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடி, சேர்வர் மூச்சு முட்டி, யாருக்கும் பதில் சொல்லாது.

இப்படியான திருத்த வேலைகளை வெள்ளிக்கிழமைகளில்தான் செய்வோம். ஜும்ஆத் தொழுகை நாளில் பள்ளிவாசல்துறையில் ஒரு படகும் இறங்காது. அது கடல் கொந்தளிக்கும் கச்சான் காற்றுக் காலம் வேறு. பக்கத்துக் கத்தோலிக்கப் படகுகளும் கிழக்குக் கரையில் வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்யப் போய்விட்டிருந்தன.

அந்தச் சனிக்கிழமை றஸீனின் உம்மா எங்கள் வீட்டுக்கு நாள் குறிக்க வருவதாக இருந்தது. வியாழக்கிழமை றஸீனிடம் சொன்னேன்: "உங்கட உம்மாக்கு நல்ல பாரை மீன் ஆக்கிக் குடுக்கணும் எண்டு நிஃப்லாக்கு ஆசை. வெள்ளிக்கிழம ஆரு கடலுக்குப் போறது?"

"நான் போறேன். ஜும்ஆவுக்கு முந்தி வந்துருவேன். ஜமாஅத்தில ஒத்தருக்கும் சொல்லிப்போடாதீங்க."

"உங்கட எஞ்சின் சரியா?"

"அது கிழவன் மாதிரி இருமுது. அதுக்கென்ன, உங்கட பொத்தான் இருக்குதானே, மச்சான்."

நான் யாருக்கும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டபடி நடந்தேன்.

வெள்ளி காலை லாபிரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஸ்கிரிப்டிலிருந்து அந்த வரியை எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் சேர்வர் திணறத் தொடங்கியது. ஜும்ஆவுக்குப் போக எழும்பும்போது திரையில் றஸீனின் படகு இலக்கம் வந்தது. பதில் கிடைக்காவிட்டால் அந்தக் கருவி திரும்பத் திரும்ப அனுப்பும். ஒவ்வொரு தரமும் பதிவு நீளும், பதிவு நீள ஸ்கிரிப்ட் இன்னும் தாமதிக்கும், அதற்குள் அடுத்ததும் ஓடத் தொடங்கும். அவன் கூப்பிடக் கூப்பிடத்தான் வழி அடைபட்டது. இது நான் எதிர்பாராதது. எல்லாவற்றையும் நிறுத்த ஒரு கட்டளை போதும். நான் கைகால் கழுவி ஒழுச் செய்துகொண்டு பள்ளிக்குப் போனேன். அன்று குத்பாப் பிரசங்கம் கொஞ்சம் நீண்டுவிட்டது. அதற்கு நான் பொறுப்பல்ல.

திரும்பி வந்து எல்லாவற்றையும் ஒழுங்காக நிறுத்தினேன். சேர்வர் உடனே வேலை செய்தது. கவிழ்ந்த படகைக் குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் கண்டார்கள். பிறகு றஸீனையும் கண்டார்கள். ஜனாஸாவுக்கு நான் தோள் கொடுத்தேன்.

உங்கள் நிபுணர் கெட்டிக்காரர். பழுது எங்கே என்று சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார். ஆனால் லாபிர் அந்த வரியை எழுத மறந்துவிட்டான் என்று அறிக்கையில் போட்டது பிழை. அவன் கவனமானவன். அவனுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன, வேலை போனால் என்ன செய்வான்? அதனால்தான் நானாகவே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். லாபிர் எழுதியிருந்தான். நான்தான் எடுத்தேன். றஸீன் கடலில் இருக்கிறான் என்று தெரிந்தே எடுத்தேன்.

நிஃப்லாவுக்கு மட்டும் இதைச் சொல்லாதீர்கள். பாவம், அவளுக்கு இப்போது என்னை விட்டால் யாரும் இல்லை.