டீ கேட்டுக் குடிக்காதவர்

ஊத்துக்குளியிலிருந்து திருப்பூர் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இருவர். ஜன்னலோரம் இருந்தவர் எம்பிராய்டரி மெஷின்களின் எலக்ட்ரானிக் போர்டுகளை ஈயம் வைத்துப் பழுது பார்ப்பவர். மடியில் டூல்ஸ் பை. பக்கத்தில் அவர் மச்சான். எனக்குக் கண்தான் மங்கல், காது மங்கவில்லை.

"பத்து வருசமா போற எடத்துல எல்லாம் டீ கேக்கறனுங்க மச்சா, ஒரு டம்ளரு கூடக் குடிச்சதில்லீங்க."

"ஏன் மாப்ள?"

"கை இந்த ஆட்டம் ஆடுதுங்களே. ஓனர் நின்னு பார்த்தா இன்னும் ஆடும். 'ஒரு டீ சொல்லுங்க'ம்பேன். அவிய அந்தப்பக்கம் போனதும், மணிக்கட்டைப் பனியன் வேஸ்ட் மூட்டை மேல அமுக்கிட்டு, மூச்சப் புடிச்சு ஈயத்த வெச்சுப்போடுவேன். டீ வந்தா, 'இன்னிக்கு வெரதமுங்க, மறந்துட்டேன்'னு தள்ளி வெச்சுருவேன். டம்ளரத் தூக்குனா குட்டு ஒடைஞ்சிருமல்லோ. என்னையப் பெரிய விரதக்காரன்னு நெனச்சுட்டிருக்கறாங்க."

மச்சான் சிரித்தார். "இன்னிக்கும் அப்படியே பண்ணு."

"இன்னிக்குப் போற கம்பெனில ஓனரம்மா நகரவே மாட்டாங்களாமா. பிளாஸ்க்குலயே டீ வெச்சிருக்கறாங்களாமா. மெஷின் நின்னு, எக்ஸ்போர்ட் சரக்கு பாதில கெடக்குது. ஈயம் ஒரு சொட்டுத் தள்ளி விழுந்தா போர்டும் போச்சு, எம் பேரும் போச்சு. அப்பறம் ஒருத்தரும் கூப்பிடமாட்டாங்க."

"என்ன பண்ணப்போறே?"

அவர் டூல்ஸ் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். ஸ்டாப் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"மொதல்ல அவிய முன்னாலயே டீயக் குடிச்சுப்போடறனுங்க. கொட்டறது கொட்டட்டும். ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்லீன்னா கை ஆட்டம் பாதி நின்னுரும்."

"உன்ற துணி என்னத்துக்கு ஆகறது?"

"அதுக்குத்தானுங்க டீக்கலர் பனியன் போட்டுட்டு வந்திருக்கறேன்."