பதினாறு மூடிகளை மூன்று முறை எண்ணியவருக்கு

மதுரை ஆனையூரில் உள்ள நம் மருத்துவமனையின் சர்வர் அறைத் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெறும் திரு. சி. முத்திருளன் அவர்களுக்கு, உடன் பணியாற்றுவோர் உவந்தளிக்கும் மடல்

கொட்டாம்பட்டி ஈன்ற குணக்குன்றே! கம்பிகளுக்கெல்லாம் காவலாய் நின்ற கண்ணியவானே! விளக்கு எரிந்தாலும் வியர்த்து, விளக்கு அணைந்தாலும் வியர்த்து, பூட்டிய கதவைப் பேருந்து நிறுத்தம் வரை போன பின்னும் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கும் பெருந்தகையே! வணக்கம்.

உங்கள் முகத்தைப் பார்த்து உங்கள் கதையைச் சொன்னால், பாதியில் எழுந்து மைக்கின் வயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மேடைக்கு வந்துவிடுவீர்கள். ஆகையால் கொஞ்ச நேரம் அவையோரைப் பார்த்தே பேசுகிறோம். நீங்கள் அமைதியாக உட்கார்ந்திருங்கள். வயர் சரியாகத்தான் இருக்கிறது.

அவையோரே, முத்திருளன் 1994-இல் இங்கே சேர்ந்தபோது மருத்துவமனையில் இருந்தவை இரண்டே கணினிகள். இன்று நானூற்றுப் பன்னிரண்டு. அவை நின்றுபோய் நோயாளிகள் காத்துக் கிடந்தார்கள் என்ற பேச்சு எழாததற்கு அவருடைய அறிவுதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அறிவுள்ளவர்கள் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். இவருடைய கவலைதான் காரணம். மழை பெய்தால் கூரையைப் பார்ப்பார். பெய்யாவிட்டால் ஏசியைப் பார்ப்பார். மகள் கழுத்தில் தாலி ஏறும் நேரத்தில்கூட அவருடைய கை சட்டைப்பையிலிருந்த கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்ததை இருளாயி அம்மாள் இன்னும் மன்னிக்கவில்லை. அம்மாள் முன்வரிசையில்தான் இருக்கிறார்; கேட்டுக்கொள்ளலாம்.

அப்படிப்பட்டவரிடம், ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது, சர்வர்களின் இணைப்பு முழுவதையும் மாற்றச் சொன்னார்கள். புதிய ஸ்கேன் கருவி ஒரே நோயாளிக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுக்கும். பழைய இணைப்பில் அவை மருத்துவரின் திரைக்குப் போய்ச் சேர்வதற்குள் மருத்துவருக்குப் பொறுமை போய்விடும். வினாடிக்கு இருபத்தைந்து கிகாபிட் வேகத்துக்கு, சர்வர்களை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச் வேண்டும், கேபிள் வேண்டும். எதை வாங்குவது என்று முத்திருளனும், அவருக்கு அடுத்த நிலையில் இருந்த சத்யப்ரியாவும் முடிவு செய்ய வேண்டும். அன்றே அவருக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்தோராண்டு ஒரு கெட்ட பெயரும் இல்லாமல் வந்தாயிற்று. கரையேறுகிற நேரத்தில் கால் வழுக்கிவிடுமோ என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது.

அவர் செம்பு கேபிளின் பக்கம். இரண்டு முனையிலும் தலை பொருத்தியே வரும், தடியாக இருக்கும், கையில் எடுத்தால் எடுத்தது போலத் தெரியும். கண்ணாடி இழையை நம்பி உயிர்களை அனுப்புவதா என்று கேட்டார். சத்யப்ரியாவோ, ஒரே ரேக்குக்குள் இருக்கும் சர்வர்களுக்குச் செம்பு போதும், எதிர் ரேக்குக்கு ஃபைபர்தான் என்றார். அந்த வேகத்தில் செம்பை மூன்று மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. முத்திருளன் தரையிலிருந்த டைல்ஸை எண்ணினார். இரண்டு ரேக்குக்கும் நடுவே நான்கு, அதாவது எட்டடி. மூன்று மீட்டருக்குள் அடங்கிவிட்டது என்று முகம் மலர்ந்தார். சத்யப்ரியா ஒரு சணல் கயிற்றை எடுத்துக் கொடுத்தார். கேபிள் தரையில் நடந்து போகாதே. மேலே தட்டுக்கு ஏறி, குறுக்கே போய், மறுபடி இறங்க வேண்டும். கயிறு எட்டு மீட்டர் காட்டியது. ஃபைபருக்குச் சம்மதித்து அவர் போட்ட கையெழுத்து இன்னும் கோப்பில் இருக்கிறது.

ஆனாலும் அவருடைய கவலை சும்மா இருக்கவில்லை. ஃபைபரின் முனையைச் சுவிட்சில் பொருத்த மாட்யூல் என்று விரல் நீளத்தில் ஒரு பொருள் வேண்டும். சில சுவிட்சுகள் வேறு கம்பெனி மாட்யூலைச் செருகினால் முகம் கொடுக்காது. சத்யப்ரியா தேர்ந்தெடுத்தது வேறு கம்பெனியுடையது. இரண்டை வரவழைத்து ஒரு வாரம் ஓட்டிப் பார்க்காமல் மீதிக்குச் சம்மதிக்க மாட்டேன் என்று நின்றார் முத்திருளன். ஓடின. ஒரு சுவிட்ச் போதுமே என்றார் நிர்வாக அலுவலர் வெள்ளைத்துரை. ஒன்று செத்தால் மற்றது சுமக்க வேண்டும் என்று முத்திருளன் இரண்டாக வாங்க வைத்தார். பழைய இணைப்பைப் பதினைந்து நாளைக்குக் கழற்றக் கூடாது என்றும் எழுதி வாங்கினார். இம்புட்டு பயந்தால் எப்படி என்று எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும்தான்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை புதுச் சுவிட்சுகளுக்குப் பூசை. சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, எலுமிச்சம்பழம் நறுக்கி, சுண்டலும் சாப்பிட்டுவிட்டு நாங்கள் கலைந்தோம். முத்திருளன் கலையவில்லை. குலதெய்வக் கோயிலிலிருந்து கொண்டுவந்த திருநீற்றை ஒவ்வொரு மாட்யூலின் மேலும் ஒரு சிட்டிகை வைத்தார். பிறகு சந்தேகம் வந்தது. வாங்கிய பதினாறும் இருக்கின்றனவா? ஒவ்வொன்றின் வாயிலும் தூசி போகாமல் ஒரு குட்டி ரப்பர் மூடி உண்டு. உள்ளே உடைந்திருந்தால்? ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்து, மூடி, எண்ணினார். மறுபடி எண்ணினார். மூன்றாவது முறையும் எண்ணிவிட்டுத்தான் மனம் ஆறியது. கையைக் கழுவ வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சாமி திருநீற்றை யார் கழுவுவார்கள்?

ஞாயிறு காலை இணைப்பை மாற்றினார்கள். எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தது. சத்யப்ரியா கைகூப்பினார். முத்திருளனுக்கு மட்டும் பச்சை போதவில்லை. திரையில் பிழைகளின் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார். பதினோரு மணிக்குத் திருச்சி நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளான ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தலை ஸ்கேன் எடுத்தார்கள். படங்கள் கிளம்பியதும் பிழைகள் மளமளவென்று ஏறின. மருத்துவ இயக்குநர் டாக்டர் ரோகிணி மேலிருந்து அழைத்தார்: பாதிப் படம்தான் வந்திருக்கிறது, ரத்தக்கசிவு எங்கே என்று தெரியவில்லை.

எல்லோரும் சிரித்த அந்தப் பழைய இணைப்புக்கு முத்திருளன் ஆறே நிமிடத்தில் எல்லாவற்றையும் திருப்பிவிட்டார். படம் முழுமையாக வந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. அந்த மனிதர் இன்று நலமாக இருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான கலக்கம். மட்டமான மாட்யூலை வாங்க வைத்தது சத்யப்ரியாதான் என்று வெள்ளைத்துரை முடிவு கட்டிவிட்டார். மறுநாள் கூட்டத்தில் சத்யப்ரியாவுக்கு மெமோ கொடுப்பது என்று ஏற்பாடு. முத்திருளனுக்குப் பிறகு அவருக்கு வரவேண்டிய தலைமைப் பொறுப்பும் போய்விடும். சத்யப்ரியா நாகமலை புதுக்கோட்டையில் கல்லூரியில் வேலை பார்க்கும் தோழியிடமிருந்து, இழையின் முனையைப் பெரிதாக்கித் திரையில் காட்டும் ஒரு கருவியை வாங்கி வந்தார். அதை மேசையில் வைத்ததுமே, விளக்கம் எழுதித் தர வேண்டும் என்று அவரை மாடிக்கு அழைத்துவிட்டார்கள். அறையில் முத்திருளன் தனியாக இருந்தார்.

முதல் மாட்யூலையும் அதில் செருகியிருந்த இழையின் முனையையும் கருவியில் வைத்துப் பார்த்தார். திரையில் வெள்ளைப் பொடி. அடுத்ததைப் பார்த்தார். அதிலும் வெள்ளைப் பொடி. அவருக்கு உடனே புரிந்துவிட்டது. துடைப்பதற்கென்று உள்ள பேனாவால் ஒன்றைத் துடைத்து மாட்டினார். அந்த இணைப்பில் பிழை ஏறுவது நின்றுவிட்டது. பதினாறையும் துடைத்துவிட்டால் அரை மணி நேரத்தில் ஒரு தடயமும் இருக்காது. இணைப்பு தானாகச் சரியாகிவிட்டது என்று சொல்லலாம். மூன்று மாதத்தில் மாலை மரியாதையோடு வீட்டுக்குப் போகலாம். அந்த அரை மணி நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததாக அவரே பின்னால் எங்களிடம் சொன்னார். அதை அவர் சொல்லியிருக்கத் தேவையில்லை. சொன்னார்.

திங்கட்கிழமை கூட்டத்தில் மெமோவை வெள்ளைத்துரை வாசிக்கத் தொடங்கினார். முத்திருளன் எழுந்து, துடைக்காத ஒரு மாட்யூலையும் அந்தக் கருவியையும் டாக்டர் ரோகிணியின் முன்னால் வைத்தார்.

"டாக்டரம்மா, கேபிள்ல குத்தமில்ல, அந்தப் பிள்ள எடுத்த முடிவுலயும் குத்தமில்ல. பூசையன்னைக்குத் துன்னூறு கையோட மூடியத் தொறந்து தொறந்து எண்ணுனது நான்தான். அம்புட்டும் உள்ள போயிருச்சு. அதுல இருக்க பேர அடிச்சுட்டு எம்பேர எழுதிருங்க."

ரோகிணி கருவியின் திரையைப் பார்த்துவிட்டு, நேற்றே துடைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காதே என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரிஞ்சிருக்காதும்மா. அதான் பயமாப் போச்சு" என்றார் முத்திருளன்.

மெமோ அவர் பேரில் எழுதப்பட்டது. பதினாறு மாட்யூலையும் சத்யப்ரியா துடைத்து மாட்டினார். அன்று பகலிலேயே புது இணைப்பு ஓடத் தொடங்கியது, இந்த நிமிடம் வரை நிற்கவில்லை. நாளை முதல் சர்வர் அறையின் தலைமை சத்யப்ரியாவுக்கு.

பெரியீர்! இனி உங்கள் பக்கம் திரும்புகிறோம். இம்மடலில், குறையொன்றுமில்லாப் பணிக்காலம் என்ற வழக்கமான வரியைச் சேர்க்கும்படி வெள்ளைத்துரை அவர்களே பெருந்தன்மையோடு கேட்டுக்கொண்டார். அந்த வரியை எழுதியும் வைத்திருந்தோம். அதை அடித்தவர் சத்யப்ரியா. உங்கள் பணிப் பதிவேட்டில் உள்ள அந்த ஒரே மெமோவை, ஒரு எழுத்துக்கூட மாற்றாமல், இந்த மடலுக்குப் பக்கத்திலேயே சட்டமிட்டிருக்கிறோம். முப்பத்தோராண்டில் நீங்கள் வாங்கிய எந்தப் பரிசையும் விட அதைப் பார்க்கும்போதுதான் எங்களுக்கு நெஞ்சு நிறைகிறது.

கலங்கிக் கலங்கியே எங்களைக் காத்தவரே! கையில் கைப்பேசி இல்லாத காலைகளும், கடைசிக் கவளம் வரை ருசிக்கும் பகல்களும், இருளாயி அம்மாளோடு நிதானமாய் நடக்கும் மாலைகளும் நீண்ட காலம் வாய்க்கட்டும்! உடல் நலத்தோடும் உள்ளத் தெளிவோடும் நூறாண்டு வாழ்க! அந்த நூறையும் எண்ணிப் பார்ப்பீர்கள் என்று தெரியும். ஒரு முறை எண்ணினால் போதும்.

சட்டத்தின் வலது மூலையில், கண்ணாடிக்குள், பதினாறு ரப்பர் மூடிகளில் ஒன்றைப் பதித்து வைத்திருக்கிறோம். உள்ளே சுத்தமாக இருக்கிறது. நாங்கள் பார்த்துவிட்டோம். தயவுசெய்து திறக்காதீர்கள்.

என்றும் உங்கள் அன்பு மறவாத,
சர்வர் அறைப் பணியாளர்கள்
(அவர்கள் சார்பில் எழுதியது: சத்யப்ரியா)

ஆனையூர், மதுரை
30.06.2025