கன்றுக்குட்டியின் சாணி

செவ்வாப்பேட்டையில் ரயில் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அவள் மடியில் ஒரு டிபன் பாக்ஸ் இருந்தது.

"மேல வைக்கட்டுமாம்மா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"வேணாங்க, கன்னுக்குட்டி சாணி."

அவர் ஜன்னலோரம் ஒதுங்கிக்கொண்டார்.

கணவன் சலித்துக்கொண்டான். "போன வாரந்தான லேபுல பாத்தாங்க? புழு ஒண்ணும் இல்லன்னு ரிப்போர்ட் வந்துச்சே."

"கன்னு எளச்சிக்கினே போவுது. காலைல எழுந்து நிக்கவே இல்ல. போன வாரம் எதோட சாணிய எடுத்துக்கினு போன?"

"அன்னிக்கு கன்னு சாணியே போடல. எவ்ளோ நேரந்தான் நிக்கிறது? அதான் தாய் மாட்டோடத அள்ளிக்கினு போனேன். ரெண்டும் ஒரே கொட்டாயிலதான கீது?"

அவள் அவனையே பார்த்தாள்.

"உனக்கு ஜுரம் வந்தா என் ரத்தத்த எடுத்துப் பாப்பாங்களா? மாட்டு டாக்டர் கிட்ட இத நீயே சொல்ற."

"திட்டுவாரு."

"திட்டட்டும். அந்த ரிப்போர்ட்ட நம்பித்தான் அவரு புழு மருந்தே குடுக்கல."

ஆவடி தாண்டியதும் அவன் கையை நீட்டினான்.

"குடு, கொஞ்ச நேரம் நான் வச்சிக்கிறேன்."

"வேணாம்" என்று டிபன் பாக்ஸை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.