இருபத்தேழாவது முகம்

எங்கள் வீட்டு முன்னறையில் காலை வெளிச்சம் ஒன்பதரை வரைக்கும்தான் நன்றாக இருக்கும், மேடம். அதற்குப் பிறகு எதிர் மாடி மறைத்துவிடும். அதனால்தான் அக்கா தினமும் ஒன்பது மணிக்கே ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். நான் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை.

நான் டிஜிட்டல் ஓவியம் படிக்கிறேன், கடைசி வருடம். வரைவதெல்லாம் டேப்லெட்டில்தான். ப்ராஜெக்ட்டின் தலைப்பு 'ஒரே முகம், முப்பது நாள்'. ஒரு நாளைக்கு ஒரு படம். போன வருடம் இதில் தேறவில்லை. இந்தத் தடவையும் போனால் கல்லூரியை விட்டு அனுப்பிவிடுவார்கள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்திப் பொருத்தி என்னைப் படிக்கவைத்தவள் அக்கா. எனக்கு அவளும் அவளுக்கு நானும்தான். அவள் முகத்தையே எடுத்துக்கொண்டேன்.

அவளுக்கு இதயத்தில் கோளாறு. தினமும் காலையில் ஒரு மாத்திரை போட்டே ஆக வேண்டும். எடுத்துக் கொடுப்பது நான்.

"உன் கையிலயும் டேப்லெட், என் கையிலயும் டேப்லெட்," என்பாள். "உன்னோடத முழுங்க முடியாது, அவ்வளவுதான்."

எட்டாம் நாள் படங்களை எங்கள் சாரிடம் காட்டினேன். ஜூம் சார் என்றுதான் சொல்வோம். எதையும் பத்து மடங்கு பெரிதாக்காமல் பார்க்க மாட்டார். எட்டையும் வரிசையாகத் திரையில் வைத்தார்.

"என்னம்மா, ஜெராக்ஸ் கடை வச்சிருக்கியா?"

வகுப்பே சிரித்தது.

"தினம் பார்த்துப் பார்த்துதான் சார் வரைஞ்சேன்."

"பார்த்தது சரி. மூஞ்சில ஏதாவது நடக்கணும்ல?"

நியாயமான கேள்வி. அக்காவின் முகத்தில் எதுவும் நடக்கவில்லை. நடக்க விடாமல் அந்த மாத்திரை பிடித்து வைத்திருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது இது எனக்குப் பிடிபட்டது.

நாங்கள் வேலை செய்யும் முறையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு படம் என்பது பல லேயர்கள். ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள்களை அடுக்கியதுபோல. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னதாக ஒரு கண் இருக்கும். அதைத் தட்டினால் அந்த லேயர் மறையும். மறுபடி தட்டினால் வந்துவிடும். எதுவும் அழியாது. மூன்று வருடமாக என் கைக்குப் பழகியது அதுதான். அக்காவின் மாத்திரைகளை நான் தூக்கி எறியவில்லை. மறைத்துத்தான் வைத்தேன். அதற்குப் பதிலாக அதே அளவில், அதே வெள்ளையில், ஒரு சத்து மாத்திரை கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் இமைகள் தடித்தன. பதினைந்தில் கணுக்காலும் வீங்கியது. அது படத்துக்குள் வராது. பதினெட்டில் உதட்டில் லேசான நீலம். நான் ஒரு புள்ளிகூடச் சேர்க்கவில்லை, இருந்ததை வரைந்தேன்.

"இப்பதாம்மா படத்துக்கு உயிர் வந்திருக்கு," என்றார் ஜூம் சார்.

"என் மூஞ்சி என்னடி தலகாணி மாதிரி ஆயிட்டே போகுது?" என்றாள் அக்கா. "கடையில குண்டாயிட்டேன்னு கிண்டல் பண்றாங்க. உக்கார வச்சே கெடுத்துட்ட நீ."

இரண்டு நாள் கழித்து, "டாக்டரப் பாத்துட்டு வந்துடலாமாடி?" என்று கேட்டாள்.

"சப்மிஷன் முடியட்டும்கா. நானே கூட்டிட்டுப் போறேன்."

"ம்... மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தானே போடறேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவள் சுவரில் சாய்ந்தே தூங்க ஆரம்பித்ததும் மனசு கேட்கவில்லை. பழைய மாத்திரையையே எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் வீக்கம் வடிந்தது. இருபத்தொன்றும் இருபத்திரண்டும் வரிசையில் பின்னோக்கிப் போய் உறுத்தின. நான் என்ன செய்ய முடியும்? மறுபடி மறைத்தேன்.

இருபத்தேழாம் நாள் அவளால் நாற்காலியில் நிமிரவே முடியவில்லை. வியர்த்துக்கொண்டிருந்தது. வியர்வையின் மினுமினுப்பைப் பிடிப்பது கஷ்டமான வேலை.

"மூச்சு விட முடியலடி... ஆட்டோ கூப்பிடு."

"அஞ்சு நிமிஷம்கா. நிறத்த மட்டும் எடுத்துக்கறேன்."

"கூப்பிடுடி..."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. போன் என் பக்கத்து மேஜையில் இருந்தது. அவளால் எழ முடியவில்லை. என்னாலும் முடியவில்லை, மேடம். கை தானாக ஓடிக்கொண்டிருந்தது. வரைந்த நேரம் நாற்பத்திரண்டு நிமிடம் என்று கோப்பு காட்டுவதாக நீங்கள் சொல்கிறீர்கள். மென்பொருள் பொய் சொல்லாது. எனக்கு ஐந்து நிமிடம் போலத்தான் இருந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அந்த முகத்தில் அதன்பின் எதுவும் நடக்கவில்லை.

மறைத்து வைத்த மாத்திரையைத் தண்ணீரோடு எடுத்துப் போய் வாயில் வைத்தேன். விழுங்க மாட்டேன் என்றாள்.

அக்காவைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இன்னும் மூன்று படம் பாக்கி இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பிணவறையில் அவளை மூன்று நாள் வைத்திருப்பார்கள் என்று வெளியே ஏட்டு பேசிக்கொண்டிருந்தார். தினம் அரை மணி நேரம் என்னை உள்ளே விட்டால் போதும். எனக்காகக் கேட்கவில்லை, மேடம். நான் தேறிவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய கடைசி ஆசை.