சாரின் முடிச்சு

தம்புள்ளையிலிருந்து வந்த பஸ்ஸில், முன்சீட்டு அண்ணனும் தங்கச்சியும் யாரோ ஒரு சாரைக் கொல்லப்போகிறார்கள் என்றுதான் முதலில் நம்பினேன். இறங்கி ஓட வசதியாகச் செருப்பைக்கூட மாட்டிக்கொண்டேன்.

“நாளைக்கு சார் பாறையில தொங்கப்போறாரு. நீ பாவம் பாக்கக் கூடாது,” என்றார் அண்ணன்.

“போன வாட்டியும் அப்படித்தாண்ணே நெனச்சேன். கை வரல.”

“ஒன்னைய சோதிக்கத்தானே அவரு முடிச்சப் பிழையாப் போட்டாரு? பாறையேறச் சொல்லிக்குடுக்கிறவ, ஆள் ஏற முன்ன இழுத்துப் பாக்க வேணாமா?”

“பெரிய மனுசன் இடுப்புக் கயித்துல எப்படிண்ணே கை வைக்கிறது?”

“இந்தத் தடவையும் ஃபெயிலானா கேம்ப்ல வேற ஆள் எடுத்துருவாங்க. என்னைய சார்னு நெனச்சு, ஏறவுடாம கத்து, பாப்போம்.”

அவள் களைத்துப்போய் முனகினாள்.

“பாறையடிக் காத்துல இது கேக்காது. எந்திரிச்சுக் கத்து.”

பலாபத்வலையில் பஸ் நின்ற நேரம், அவள் எழுந்து கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள்.

“நில்லுங்க! முடிச்சு பிழை, ஏறாதீங்க!”

மிதிபலகையில் ஒரு காலை வைத்திருந்த தொப்பைக்காரப் பெரியவர் அப்படியே நின்றுவிட்டார்.

“ஐயோ, மன்னிச்சுக்கங்க சார். நீங்க ஏறுங்க.”

அவர் ஏறி வந்து, அவள் எழுந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.